பாலத்து இறக்கம்

அத்தியாயம் 9

போன வாரம் அண்ணி சாப்பாட்டு மேசைமேல் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து, அதிலிருந்து புத்தம் புது ஸ்கேட்டுகளை எடுத்துக் காட்டி, “ஞாயித்துக்கிழமை நானும் உங்க கூட்டத்தோட வரேன்” என்று அறிவித்தாள். அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பு வாரம் முழுக்க வீட்டில் ஓயவில்லை. பல் தேய்க்கும்போது நினைத்துக்கொண்டு சிரித்தான். டிவியில் செய்தி ஓடும்போது சிரித்தான். யாராவது ஏன் என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, ஸ்கேட்டிங்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது.

அண்ணி சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கால் காப்புகளை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அது வலது காலுக்கு” என்றான் அண்ணன், காப்பிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணி கழற்றி மாற்றினாள்.

“இப்பதான் தப்பு. முன்னாடி போட்டதே சரி.”

அண்ணி மறுபடி கழற்றினாள். மேசைக்கு அந்தப் பக்கம் பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி களுக்கென்று சிரித்தாள். அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வாலு மட்டும் திரும்பவில்லை. அந்தக் காப்புகளில் இடது வலது கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

வாலு, அண்ணனின் தங்கை. குட்டியின் அம்மா. வீட்டுக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட பிறகு, குழந்தையோடு நின்றவளைக் காரில் ஏற்றி வந்து பின்னறையைக் கொடுத்தவன் அண்ணன். வேறு எந்தச் சொந்தமும் போன்கூடச் செய்யவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவள் இந்த வீட்டில் பல விஷயங்களைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஸ்கேட்டிங் கூட்டத்தில்தான் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்தது. ஞாயிறுதோறும் நகரத்தைச் சுற்றி வரும் அந்தக் கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, போட்டி கிடையாது. சக்கரம் மாட்டத் தெரிந்தால் போதும். முன்னால் விசில் ஊதி வழிகாட்டிக்கொண்டு போவது அண்ணன்; அவனுக்கு விசில் என்றே பெயர். ஆரஞ்சுச் சட்டையோடு கடைசியில் வந்து, பின்தங்கியவர்களைச் சேர்த்து, விழுந்தவர்களைத் தூக்கிவிட்டு வருவது தங்கை. ஆகவே வாலு.

அண்ணி செருப்பு எடுக்கப் போன நேரம் பார்த்து அண்ணன் கேட்டான். “கீழ பார்க்கிங்ல வாரம் பூரா என்னதான் சொல்லிக்கொடுத்தே? ஓட்டுறாளா?”

“நல்லா ஓட்டுறாங்க அண்ணா. திரும்புறாங்க. பிரேக் மட்டும் இன்னும் வரல. சமதளத்துல எப்படியோ நின்னுடுவாங்க. இறக்கம் மட்டும் வேண்டாம்.”

“இறக்கம் எங்க இருக்கு? ஆத்தோரமாத்தானே போறோம்.”

“அதான் சொன்னேன்.”

“கேட்டுக்கிட்டேன்” என்றான் அண்ணன்.

குட்டியை எதிர்வீட்டு அம்மாளிடம் விட்டுவிட்டு மூவரும் கிளம்பினார்கள்.

---

நூலகத்து வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து எல்லாரும் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வந்ததும் அந்த இடமே நிமிர்ந்தது.

வீட்டில் பார்க்காத ஓர் அண்ணன் அங்கே இருந்தான். ஒருவருக்குக் குனிந்து கொக்கி மாட்டிவிட்டான். இன்னொருவரின் முதுகுவலியை விசாரித்தான். பேக்கரிக்காரரைப் பார்த்து, “என்ன சார், உங்க பன்னு மாதிரியே நீங்களும் உப்பிக்கிட்டு வரீங்க!” என்றான். பேக்கரிக்காரர் தொப்பையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். லிஃப்ட் கம்பெனியில் அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் பையன்கள் இந்த முகத்தைக் கண்டிருக்க வாய்ப்பில்லை.

“எல்லாரும் கவனிங்க” என்று கை தட்டினான். “இன்னைக்கு நம்ம கூட்டத்துக்கு ஒரு புது ஆள். என் சம்சாரம். பல் கட்டுற லேப்ல வேலை. மெழுகுல பல்லு செதுக்குறவங்க. அதனால யாரும் தைரியமா விழலாம். பல்லுக்கு உத்தரவாதம்!”

கைதட்டல். அண்ணி கூச்சத்தோடு கையை உயர்த்தினாள். சமநிலை தப்பி உட்கார்ந்துவிட்டாள். அதற்கும் கைதட்டல்.

“கொடுத்து வச்சவங்க நீங்க” என்று கணக்கு டீச்சர் அவளைத் தூக்கிவிட்டாள். “எங்க வீட்டுக்காரர் சைக்கிள்ல டபுள்ஸ்கூட ஏத்த மாட்டார்.”

விசில் ஒலித்தது. கூட்டம் நகர்ந்தது.

ஆற்றோரப் பாதை அகலமாக, வழவழப்பாகக் கிடந்தது. காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. முதல் கொஞ்ச தூரம் அண்ணி குச்சி மாதிரி விறைத்துப்போய் வந்தாள். பிறகு தோள் இளகியது. கால் நீண்டது. ஓரத்தில் நடந்துபோகிறவர்கள் ஒதுங்கி வழிவிட, அவள் அவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் வந்த வாலுவுக்கு அவள் முதுகு தெரிந்தது. அந்த முதுகு இவ்வளவு நேராக நிமிர்ந்து வாலு பார்த்ததில்லை.

காப்பிக் கடை வண்டியருகே கூட்டம் நின்றது. அண்ணி நிறுத்தத் தெரியாமல் பேக்கரிக்காரரின் முதுகில் போய் மோதி நின்றாள்.

“இந்தத் தொப்பைக்கு இன்னைக்குத்தான் ஒரு உபயோகம்” என்றார் அவர். “நீங்க பிறவி ஸ்கேட்டர்மா. இத்தனை நாள் வீட்ல என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“சமைச்சுக்கிட்டு இருந்தேன்.”

“சரி, உண்மையைச் சொல்லுங்க. விசில் வீட்லயும் இப்படித்தானா? எழுந்திரிக்க ஒரு விசில், சாப்பிட ஒரு விசில்?”

அண்ணியின் முகம் சிவந்திருந்தது. ஓட்டமும் வெயிலும் மனசும் சேர்ந்த சிவப்பு. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

“சேச்சே. விசில் அடிக்கிறதெல்லாம் இங்கதான். வீட்ல கதவைத்தான் அடிப்பார்.”

பேக்கரிக்காரர் வெடித்துச் சிரித்தார். கணக்கு டீச்சர் காப்பியைத் துப்பிவிட்டாள். “கதவைத்தான் அடிப்பார்!” என்று பின்வரிசைக்கு யாரோ திருப்பிச் சொல்ல, அங்கேயும் சிரிப்பு எழுந்தது. அண்ணி தானே மிரண்டுபோய், பிறகு தானும் சிரித்தாள்.

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது அண்ணன்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். மனைவியின் தோளில் கைபோட்டு, “பாத்தீங்களா, பாத்தீங்களா” என்றான்.

வாலுவின் கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. அந்தச் சிரிப்பை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பள்ளிக்கூடத்தில் எவனோ ஒருவன் அண்ணனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது இப்படித்தான் கூடச் சேர்ந்து சிரித்தான். சாயங்காலம் அந்தப் பையனின் சைக்கிள் கிணற்றில் கிடந்தது.

---

காப்பி முடிந்ததும் ஆற்றோரமாகவே திரும்புவது வழக்கம். ஆனால் விசில் வேறு பக்கம் கேட்டது.

“எல்லாரும் நல்லா சூடா இருக்கீங்க. இன்னைக்குப் பாலத்து வழியா போவோம்!”

உற்சாகக் கூச்சல். பாலம் என்றால் அந்தக் கூட்டத்துக்குத் தனிக் குஷி. ஏறுவது சிரமம். ஆனால் அந்தப் பக்கத்து இறக்கம் நீளமாக, காற்று காதில் சீறும்படி இறங்கி, பஸ் டிப்போ முனையில் போய் முடியும். அங்கே போவதென்றால் ஒரு நாள் முன்னாலேயே அறிவித்துவிடுவார்கள். பிரேக் தெரியாதவர்கள் மேலேயே ஸ்கேட்டைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்து இறங்கவேண்டும். அந்த விதியைப் போட்டவனே அண்ணன்தான்.

வாலு பின்னாலிருந்து கத்தினாள். “அண்ணா! அண்ணி நடந்து வரட்டும்!”

காற்று அவள் குரலைக் கொண்டுபோனதா, அவன் கேட்டும் திரும்பவில்லையா, தெரியவில்லை. நடுவில் இடுப்புவலி என்று ஒருவர் நின்றுவிட்டார். அவரை விட்டுப் போகமுடியாது. கைத்தாங்கலாக அவரை ஏற்றத்தில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள், மற்றவர்கள் எல்லாரும் இறங்கிக் கீழே நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாலத்து உச்சியில் அண்ணனும் அண்ணியும் மட்டும் நின்றார்கள்.

“எனக்குப் பயமா இருக்குங்க. நான் கழட்டிட்டு நடந்து வரேனே.”

“எல்லாரும் கீழ நின்னு பாத்துக்கிட்டிருக்காங்க. நீ செருப்பில்லாம நடந்து வருவியா? அசிங்கமா இல்ல? நான்தான் இருக்கேனே. கையைக் குடு.”

அண்ணி கையை நீட்டினாள். உள்ளங்கையில் மணிக்கட்டுக் காப்பின் பிளாஸ்டிக் தகடு இருந்தது.

“இதைப் போட்டுக்கிட்டா எப்படிப் பிடிக்கிறது? வழுக்கும். கழட்டு.”

அவள் கழற்றினாள். அவனே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். இடுப்புவலிக்காரரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு வாலு நெருங்கிவிட்டாள். “அண்ணா, வேண்டாம்” என்று சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் இருவரும் கைகோத்துக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

வாலு எல்லாவற்றையும் பார்த்தாள். நடுவில் மறைக்க ஓர் ஆள் இல்லை.

வேகம் பிடித்தது. அண்ணி அவன் பக்கம் சாய்ந்தாள். அவன் குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னான். அண்ணி சட்டென்று அவன் முகத்தைப் பார்த்தாள். அப்போது அவன் விரல்களை விரித்தான். தவறி விடுபட்ட கை இல்லை அது. பிச்சைக்காரனுக்கு இல்லை என்று காட்டுவதுபோல் நன்றாக விரித்த கை. அவளுடைய விரல்கள் காற்றில் ஒருமுறை துழாவின.

அப்புறம் அவள் தனியாகப் போனாள்.

கீழே நின்றவர்கள் முதலில் கைதட்டினார்கள். தைரியமாகத் தனியே வருகிறாள் என்று நினைத்தார்கள். பேக்கரிக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “வாங்க, வாங்க, தொப்பை ரெடி!” என்றார். அண்ணி அவரைத் தாண்டி, நடைபாதை விளிம்பில் சக்கரம் தட்டி, டிப்போவின் இரும்புக் கதவில் போய் மோதினாள்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் கைதட்டல் நின்றது.

---

வலது மணிக்கட்டு இரண்டாக முறிந்திருந்தது. தாடையில் தையல். முன்பல் ஒன்று போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டம் முழுக்க நின்றது. அண்ணன் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தான். இரத்தம் பட்ட சட்டையை மாற்றவே இல்லை. அவளை இரு கையாலும் அள்ளிக்கொண்டு டாக்ஸிக்கு ஓடியவன் அவன்தான். எல்லாரும் பார்த்தார்கள்.

“எப்படி ஓடினார் தெரியுமா” என்றாள் கணக்கு டீச்சர், இப்போதுதான் வந்த ஒருவரிடம். “இப்படி ஒரு புருஷன் கிடைக்க…”

“கை வழுக்கிடுச்சு” என்றான் அண்ணன் தழுதழுத்த குரலில். “கெட்டியா பிடின்னு சொன்னேன். வழுக்கிடுச்சு.” பிறகு மூக்கை உறிஞ்சி, லேசாகச் சிரிக்க முயன்றான். “பாருங்க, ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறவ. அவளுக்கே பல்லு போச்சு.”

எல்லாரும் பரிதாபத்தோடு சிரித்தார்கள். துயரத்திலும் தமாஷ் பண்ணுகிற மனுஷன் என்று பேக்கரிக்காரர் அவன் தோளைத் தட்டினார்.

எலும்பு டாக்டர் வந்து சொன்னார். தகடு வைக்கவேண்டும். கை சேர்ந்துவிடும். ஆனால் மெல்லிய கத்தியைப் பிடித்துச் செதுக்கும் அளவுக்கு விரல்களுக்குப் பழைய பிடி வருமா என்பதை இப்போது சொல்லமுடியாது.

“வேலைக்குப் போகாட்டி என்ன டாக்டர்” என்றான் அண்ணன். “வீட்ல ராணி மாதிரி இருக்கட்டும்.”

வாலு தண்ணீர் பிடிக்கப் போனபோது பின்னாலேயே வந்தான். குழாயடியில் வேறு யாரும் இல்லை.

“நீ ரொம்பப் பின்னாடி இருந்தே, இல்ல?”

வாலு பாட்டிலையே பார்த்தாள்.

“இடுப்புவலிக்காரரைப் பாத்துக்கிட்டிருந்தே. உனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.” அவன் குரல் இதமாக இருந்தது. “நீங்க இருக்கிற பின்னறைக்குப் பெயின்ட் அடிக்கலாம்னு இருக்கேன். குட்டிக்கு என்ன கலர் பிடிக்கும்?”

பாட்டில் நிறைந்து வழிந்தது.

“மஞ்சள்” என்றாள் வாலு.

---

அண்ணி வாலுவை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

தாடையில் கட்டு. பேச்சு குழறியது. ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டோரம் இரத்தம் கசிந்தது. ஆனாலும் கண் தெளிவாக இருந்தது.

“நீ பின்னாடிதானே இருந்தே. பாத்தியா?”

“என்ன அண்ணி?”

“அவர் என்ன பண்ணாருன்னு பாத்தியா? எனக்கே சந்தேகமா இருக்கு வாலு. அடிபட்டதுல நானே கற்பனை பண்றேனோன்னு பயமா இருக்கு. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பாத்தேன்னு சொல்லு. யார்கிட்டயும் சொல்லவேண்டாம். எனக்கு மட்டும்.”

வாலு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பார்க்கிங்கில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே, விழும்போதெல்லாம் சிரித்துச் சிரித்து எழுந்த அண்ணி. குட்டிக்கு ஜுரம் வந்தால் வேலைக்கு லீவு போட்டு உட்கார்ந்த அண்ணி. சொல்லிவிடலாம். சொன்ன பிறகு எங்கே போவது?

“இல்ல அண்ணி. இடுப்புவலின்னு ஒருத்தர் நின்னுட்டார். அவர் மறைச்சுட்டார். நான் மேல வரும்போது நீங்க விழுந்துட்டீங்க.”

அண்ணி அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் முதலில் கெஞ்சல் இருந்தது. அது மெல்ல அணைவதை வாலு நின்று பார்த்தாள்.

“அப்ப அவர் காதுல சொன்னதையும் நீ கேட்டிருக்க மாட்டே.”

“இல்ல.”

“‘இங்கயும் ஒரு கதவு இருக்கு’ன்னார்.”

வாலு கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

“சரி” என்றாள் அண்ணி. “எல்லாரையும் உள்ள வரச் சொல்லு.”

கூட்டம் ஓசைப்படாமல் வந்து சுவரோரம் நின்றது. எதிர்வீட்டு அம்மாள் குட்டியை அழைத்து வந்திருந்தாள். குட்டி கட்டில் பக்கம் போக அஞ்சி, அண்ணனின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“குட்டி, இங்க வா” என்றாள் அண்ணி. “பயப்படாதே. அத்தைதான்.”

குட்டி வந்தாள். அண்ணி இடது கையால் அவள் முன்நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். தினமும் அவளுக்குத் தலை பின்னிவிடும் கை. அதே பரிவு. ஆனால் கண் குழந்தைமேல் இல்லை. வாலுவின்மேல் இருந்தது.

“அத்தைக்குக் கை சரியாக நாளாகும். அடுத்த வாரம் என் இடத்துல நீ போறியா? உன் சின்ன ஸ்கேட் இருக்கே.”

“நிஜமாவா அத்தை? பெரியவங்களோடயா?”

“ஆமா. மாமா கையைப் பிடிச்சுக்கோ. நான் போன அதே பாலத்துல, அதே இறக்கத்துல, அவர்கூடவே இறங்கணும். என்னங்க, கூட்டிட்டுப் போவீங்கல்ல?”

பேக்கரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த நிலைமையிலயும் பாருங்க, இந்தம்மாவுக்கு மனசை!” கணக்கு டீச்சர் கைக்குட்டையை எடுத்தாள்.

“அதுக்கென்ன, தாராளமா!” என்றான் அண்ணன். “மாமா கூட்டிட்டுப் போறேன்டா செல்லம்.”

குட்டி குதித்தாள். “அம்மா, நான் போறேன்மா! மாமாகூட!”

“வேண்டாம்.”

வாலு சொல்ல நினைக்கவே இல்லை. வாய் சொல்லிவிட்டது. அந்த அறைக்கு அது மிக உரத்த குரல். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நர்ஸ்கூட நின்று எட்டிப்பார்த்தாள்.

அண்ணி தலையணையில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பேக்கரிக்காரர் வாலுவையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். குட்டி அழத் தயாரானாள்.

அண்ணன் மட்டும் அசரவில்லை. மெதுவாகத் திரும்பி, தங்கையைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்தான். காலையில் காப்பிக் கடை வண்டியருகே சிரித்த அதே சிரிப்பு.

“ஏன் வாலு?” என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. “என்கூட அனுப்ப ஏன் வேண்டாம்? சொல்லு. எல்லாரும் கேக்குறாங்கல்ல?”